கொத்தவரங்காய் பொரியலும் ஒரு நீலப் பையும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. வாசலில் சர்வதேசப் பள்ளி என்று பலகை இருக்கும். உள்ளே போனால் ஓடு போட்ட ஒரு பழைய வீடு, நாலு அறை, இரண்டு வேப்பமரம், முப்பத்தைந்து பிள்ளைகள். ஆசிரமத்துக்கு என்று நாலு நாள் வந்து, மலையை விட்டுப் போக மனம் வராமல் வீடு எடுத்துத் தங்கிவிட்ட வெளிநாட்டுக் குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களுடைய பிள்ளைகளுக்காக நடக்கும் பள்ளி அது. சில பிள்ளைகள் ஆறு மாதம் படிப்பார்கள், சில பிள்ளைகள் ஆறு வருடம்.

அங்கே சிறு பிள்ளைகளின் வகுப்பில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எனக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறி, கல்லூரியையும் முடித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்குப் பேருந்தின் நிறத்தை வைத்துத்தான் ஊர் தெரியும். எங்கள் தெருவில் யாருக்கு ரேஷன் அட்டை விண்ணப்பம், முதியோர் பென்ஷன் விண்ணப்பம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் பேனாவைத் திறக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். பொய் சொல்வானேன், எனக்கு அந்தப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

என்னைப் படிக்க வைத்தது மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஒன்றேகால் ஏக்கர் நிலத்தில் அப்பா போட்ட மல்லாட்டையில்தான் என் சீருடையும் பஸ் பாஸும் கல்லூரியும் வந்தன. எங்கள் வீட்டில் காலையில் மல்லாட்டைச் சட்னி, சாயங்காலம் வேகவைத்த மல்லாட்டை, மழை நாளில் வறுத்த மல்லாட்டை. விருந்தாளி வந்தாலும் அதுதான், விருந்தாளி போகும்போது பையில் போட்டுக் கொடுப்பதும் அதுதான்.

வேலையில் சேர்ந்த அன்று பள்ளித் தலைவி ஒரு தாளைக் கொடுத்தார். அவரும் வெளிநாட்டுக்காரர்தான், ஆனால் இருபது வருடமாக இங்கேயே இருப்பவர். நம் தமிழை எல்லாருக்கும் 'ங்க' போட்டுப் பேசுவார், வேப்பமரத்துக் காக்கைக்குக்கூட. அந்தத் தாளில் ஏழெட்டு விதிகள் இருந்தன. அவற்றில் ஒன்று: பள்ளிக்குள் வேர்க்கடலை வரக்கூடாது, எந்த உருவத்திலும். அதற்குக் கீழே இன்னொன்று: இந்தக் குழந்தைக்குப் பெற்றோர் கொடுத்தனுப்பும் உணவையும் பள்ளிச் சமையலறையில் செய்வதையும் தவிர வேறு எதையும் யாரும் ஊட்டக்கூடாது. பக்கத்திலேயே ஒரு ஏழு வயதுப் பெண் குழந்தையின் படம். நெதர்லாந்திலிருந்து வந்த குடும்பம். அவளுக்கு வேர்க்கடலை ஆகாது, ஒரு துணுக்கு வாயில் போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும் என்று எழுதியிருந்தது.

நான் அதைப் படித்தேன். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அப்பா மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மல்லாட்டை தின்னா சாவாங்களா? இன்னா பாப்பா சொல்ற? நான் ஐம்பது வருசமா தின்னுகினு இருக்கேன்."

"பணக்காரங்களுக்கு எல்லாமே வியாதிதான்" என்றாள் அம்மா. நானும் சேர்ந்து சிரித்தேன். விலங்கியல் பட்டம் வாங்கியவள் நான். ஒவ்வாமை என்றால் என்ன என்று தேர்வில் ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் என் வீட்டுத் தின்பண்டம் ஒரு குழந்தையைக் கொல்லும் என்பதை என் மனசு ஏற்கவில்லை. அம்மாவிடம், "ஸ்கூலுக்கு மட்டும் மல்லாட்டை குடுத்தனுப்பாத" என்றேன். அவளும் அன்றிலிருந்து டப்பாவில் சட்னி வைப்பதையும், பையில் ஒரு பிடி வறுத்தது போடுவதையும் நிறுத்திவிட்டாள்.

வகுப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் நீல நிறப் பை ஒன்று தொங்கும். அதில் பேனா மாதிரி இரண்டு ஊசிகள். அந்தக் குழந்தைக்காக அவள் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. மாதத்துக்கு ஒரு நாள், மருந்தும் ஊசியும் இல்லாத ஒரு பயிற்சிப் பேனாவைக் கையில் கொடுத்து எங்கள் எல்லாரையும் பழகச் சொல்வார்கள். மூடியைக் கழற்ற வேண்டும், தொடையில் வைத்து அழுத்த வேண்டும், எடுக்காமல் பத்து எண்ண வேண்டும். மற்றவர்கள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு செய்வார்கள். எனக்கு அது கோயிலில் நடக்கும் சடங்கு மாதிரி இருக்கும்.

அந்தக் குழந்தைக்கோ அது விளையாட்டு. என் மடியில் வந்து உட்கார்ந்து, "எனக்குப் போடு அக்கா" என்று காலை நீட்டுவாள். அப்போது அவள் தமிழ் எண்களைக் கற்றுக்கொண்டிருந்தாள். அதனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தமிழில் எண்ணுவோம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒவ்வொரு முறையும் தடுமாறுவாள்.

அக்கா என்று அவள் கூப்பிட்டதில்கூட எனக்கு ஆரம்பத்தில் வருத்தம்தான். அந்தப் பள்ளியில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருமே பிள்ளைகளுக்கு அக்கா, அண்ணன். சமையல் செய்யும் அம்மாவும் அக்கா, பி.எஸ்ஸி. படித்த நானும் அக்கா. டீச்சர் என்று என்னை யாராவது கூப்பிட வேண்டும் என்பதற்காகவே இத்தனை வருடம் படித்த மாதிரி எனக்குள் ஒரு குறை. ஆனால் அவள் அக்கா என்று சொல்லும்போது இரண்டாவது எழுத்தில் ஒரு அழுத்தம் கொடுப்பாள். கேட்கக் கேட்கப் பழகிவிட்டது. பிறகு, அவள் வராத நாளில் வகுப்பு வெறிச்சென்று இருப்பது போலத் தோன்ற ஆரம்பித்தது.

மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்காருவார்கள், நான் நடுவில். அவர்களுடைய டப்பாக்களில் ரொட்டி, வெண்ணெய், பழம், வெள்ளரிக்காய் என்று அலுங்காமல் அடுக்கி இருக்கும். என்னுடையது அலுமினியத் தூக்கிலிருந்து அப்போதுதான் எவர்சில்வருக்கு மாறியிருந்த டப்பா. மூடியைத் திறந்தால் அறை முழுக்க வாசம் போகும். முதல் வாரம் அதற்காகக் கூசிப்போய் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னை நடுவில் இழுத்து உட்கார வைத்தது அவள்தான். என் டப்பாவுக்கு மேல் மூக்கை நீட்டி, கண்ணை மூடி, "இன்னிக்கு இன்னா அக்கா?" என்று கேட்பாள். எங்கள் தெருப் பிள்ளை கேட்பது போலவே இருக்கும். நான் ரசம், கீரை, முருங்கைக்காய் என்று சொல்லுவேன். அவள் அந்தப் பெயரை வாயில் போட்டு மென்றுவிட்டு, தன்னுடைய ரொட்டியைக் கடிப்பாள்.

கொடு என்று அவள் கேட்டதே இல்லை. கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் செய்தவள் நான்.

அன்று கொத்தவரங்காய் பொரியல். அவள் வழக்கம்போல வாசம் பிடித்தாள். "பச்சைப் பென்சில் மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். என் அம்மா சமைத்ததை ஒரு குழந்தை இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறதே என்று எனக்குப் பூரித்துப் போயிற்று. இதில் என்ன இருக்கிறது, காய், உப்பு, மிளகாய், மல்லாட்டை இல்லையே, தாளில் எழுதியவர்கள் எதற்கோ பயந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் பொரியலை எடுத்து, காரம் தெரியாமல் இருக்கச் சோற்றோடு பிசைந்து, அவள் வாயில் ஒரு வாய் ஊட்டினேன்.

"சூப்பர்" என்றாள். இரண்டு கையாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. வாயைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். "வாய் அரிக்குது அக்கா" என்றாள். காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கும்போதே இருமினாள். நிமிர்ந்தபோது அவள் கீழ் உதடு வேறு யாருடையதோ போல் தடித்திருந்தது. கழுத்தில் கொசு கடித்த மாதிரி தடிப்புகள், பார்க்கும்போதே ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின. ஏதோ சொல்ல வந்தாள். குரல் வரவில்லை. மூச்சு இழுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் வந்தது.

என் கையில் சோற்றுப் பருக்கை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எத்தனை நொடி என்று தெரியாது, இன்றைக்கும் அந்த நொடிகள்தான் கனவில் வருகின்றன. பிறகு எப்படி எழுந்தேன், எப்படி நீலப் பையை ஆணியோடு பிடுங்கினேன் என்பது நினைவில்லை. ஆணியும் கையோடு வந்துவிட்டது. அவளைத் தரையில் படுக்க வைத்தேன். மூடியைக் கழற்றினேன். தொடையில் வைத்து அழுத்தினேன். உள்ளே 'டக்' என்ற சத்தம் கேட்டது. பயிற்சியின்போதும் அதே சத்தம் வரும்.

எண்ண வேண்டும். எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்னு. ரெண்டு. அவளைப் பார்த்து நானும் எண்ணினேன். ஏழுக்கு அடுத்து அவள் வழக்கம்போல நின்றாள். நான் எட்டு என்றேன். அவள் கண் என்னை விட்டு நகரவில்லை. ஒன்பது. பத்து.

பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடிவந்து மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் எப்போதும் நிற்கும் ஆட்டோக்காரர் அண்ணன் குழந்தையைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கெட்டியா புடிச்சிக்குங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். டீச்சர் என்று அவர் சொன்னது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் என் மடியில் அந்தக் கீச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வருவதை என் கையில் உணர்ந்தேன்.

டாக்டர் பார்த்தார், மருந்து ஏற்றினார், இன்னும் சில மணி நேரம் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்றார். ஊசியைச் சரியான நேரத்தில் போட்டிருக்கிறீர்கள் என்றார். குழந்தையின் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். வங்கி வேலையாக வெளியே போயிருந்த பள்ளித் தலைவியும் அங்கிருந்து அப்படியே வந்தார். குழந்தையின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என் மகளைக் காப்பாற்றிவிட்டாய் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 

அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். "அவள் டப்பாவில் இருந்த ரொட்டி" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. பொரியல் ஊட்டியதை ஏன் சொல்லவில்லை என்றால், அதில் மல்லாட்டை இல்லை என்று நான் உறுதியாக நம்பினேன். காரணம் அது இல்லை என்றால், விதியை மீறியதை மட்டும் ஏன் சொல்லிக்கொண்டு வேலையை இழக்க வேண்டும்? வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவர்.

அப்படியானால் காலையில் சாப்பிட்ட சுண்டல்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். பள்ளியில் பத்தரை மணிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் சுண்டல், பழம் என்று ஏதாவது உண்டு. அதைச் செய்பவர் எங்கள் சமையல்கார அக்கா. அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வருவார், இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். தலைவி போனில் அவரிடம் கேட்டார். என்ன எண்ணெய் ஊற்றினீங்க, கடையில் கடலை எண்ணெயை மாற்றிக் கொடுத்திட்டாங்களா என்று. போனிலிருந்து வந்த அழுகை எனக்கே கேட்டது.

"அம்மா, சத்தியமா சன்பிளவர் ஆயில்தான் ஊத்தனேன். பாக்கெட்டு இங்கியே கீதும்மா. வந்து பாருங்கம்மா. என் பொண்ணுங்க மேல சத்தியம்மா."

தலைவி போனை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். குழந்தையின் அப்பா மெதுவான குரலில், இனிமேல் அந்தச் சமையலறையை நம்ப முடியாது என்றார்.

நான் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் கேன் வைத்திருக்கும் இடத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, இன்னிக்கு கொத்தவரங்காய்ல இன்னா போட்ட?"

"இன்னா போடுவாங்க? உப்பு, காரம். ஏன், உப்பு ஜாஸ்தியாயிடுச்சா?"

"வேற?"

"வேற இன்னா... எறக்கறப்ப மல்லாட்டைப் பொடி ஒரு கை தூவனேன். எப்பவும் தூவறதுதானே?"

"நான்தான் ஸ்கூலுக்கு மல்லாட்டை குடுக்காதன்னு சொன்னனே."

"எங்கடி குடுத்தேன்? பொரியல்தானே குடுத்தேன்?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் வீட்டில் மல்லாட்டை என்றால் கையில் எடுத்துத் தின்பது, இல்லை சட்னி. பொரியலில் விழும் பொடி பொரியலின் ஒரு பகுதி. அதற்குத் தனிப் பெயர் கிடையாது. நானும் அதே பொரியலை அன்று முதல் ஆளாகச் சாப்பிட்டேன். எனக்கு மல்லாட்டை ருசியே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் இருந்ததால், சாப்பாட்டின் ருசியே அதுதான் என்று என் நாக்கு நினைத்திருக்கிறது.

போனை வைத்தேன். சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. குழந்தை பிழைத்துவிட்டாள், என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தச் சமையல்கார அக்காவின் அழுகை காதை விட்டுப் போகவில்லை. அவரும் என் அம்மா மாதிரிதான், அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. ஆனால் வாயால் சொன்னதை வைத்தே அத்தனை மாதமும் ஒரு சொட்டு மாறாமல் சமைத்திருக்கிறார்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். மிச்சத்தைத் தலைவி மொழிபெயர்த்தார். மொழிபெயர்க்கும்போது அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. குழந்தையின் அம்மா என்னை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அந்த ஒரு அடி எனக்கு அடி விழுந்தது போல் இருந்தது.

குழந்தையின் அப்பா கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நீ அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டாய்?

எங்கள் வீட்டில் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரே ஆளிடம் அவர் அதைக் கேட்டார். ஆமாம் என்றேன். 

நாளைக் காலையில் வாங்க, பேசலாம் என்று தலைவி என்னை அனுப்பி வைத்தார்.

போகும் வழியில் பள்ளிக்குப் போய்ச் சமையல்கார அக்காவைப் பார்த்தேன். எண்ணெய்ப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு. இத ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா நான் என் பொண்ணுங்க மேல சத்தியம் பண்ணியிருக்க மாட்டேன் இல்ல?"

காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா வாசல் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமாவே மூச்சு நின்னுடுமா பாப்பா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அன்று மூன்று பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் நான் கிளம்பும்போது அப்பாவும் கிளம்பி நின்றார். பம்புசெட்டில் இரண்டு தடவை குளித்திருந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். "இது மூட்டை பக்கமே போகாத சட்ட" என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்ததும் அப்பா எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். திருவண்ணாமலை வரும் வரை நின்றே வந்தார்.

பள்ளி வாசலுக்கு வந்ததும் நான் உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தால் அப்பா கேட்டுக்கு வெளியே, சாலையின் அந்தப் பக்கம் நிற்கிறார். தலைவி வெளியே வந்து, "உள்ள வாங்க அப்பா" என்றார்.

"வேணாம்மா. எத்தினி தடவ குளிச்சாலும் எம்மேல அந்தத் தூசு இருக்கும். முப்பது வருசத்துத் தூசு. கொழந்த இருக்கற எடம். நான் இங்கியே நிக்கறேன்."

குழந்தையும் அன்று வந்திருந்தாள். வீட்டில் இரு என்றால் கேட்கவில்லையாம், அக்கா இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும் என்று அழுதாளாம். வராந்தாவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டில் லேசான வீக்கம் மட்டும் இருந்தது. அவள் அப்பாவும் பக்கத்தில் இருந்தார்.

என் அப்பா சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பேசினார். நடுவில் ஒரு வேன் போனபோது நிறுத்தி, அது போனதும் மறுபடி பேசினார். "எங்க ஊட்ல தெரியாம நடந்துபோச்சி. வேலைய உட்டு நிறுத்தினாலும் நிறுத்துங்க, தப்பு எங்களுதுதான். ஆனா எம்பொண்ணு அந்தக் கொழந்தைமேல உசுரு. வூட்டுக்கு வந்தா அதப்பத்திதான் பேசும். அத மட்டும் மனசுல வச்சிக்குங்க." இரண்டு கையையும் கூப்பினார். கைநாட்டு வைக்கும் கட்டைவிரல் நகத்தில் இன்னும் செம்மண் இருந்தது.

தலைவி மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே குழந்தையின் அம்மா கேட்டைத் திறந்து சாலையைக் கடந்தார். அப்பா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அந்த அம்மா விடவில்லை. அந்தக் கூப்பிய கைகளை அப்படியே தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அப்பா பதறிப்போய், "ஐயோ, கைய கழுவிக்கச் சொல்லுங்கம்மா, சோப்பு போட்டு" என்று தலைவியைப் பார்த்துக் கத்தினார். அதைக் கேட்டு நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அந்த அம்மா திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் குழாயடிக்குப் போய், அப்பா பார்க்கும்படி, முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினார்.

குழந்தையின் அப்பாதான் கடைசியில் என்னிடம் வந்தார். அப்போதும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நீ செய்ததை என்னால் சுலபமாக மறக்க முடியாது என்றார். அப்புறம், கை நடுங்காமல் பத்து எண்ணியதும் நீதான், வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதும் நீதான் என்றார். ஆணியோடு பிடுங்கி வந்த அந்த நீலப் பையில் புதிய ஊசி ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். அதை என் தோளில் மாட்டினார். இனிமேல் இது ஆணியில் தொங்க வேண்டாம், உன்னிடம் இருக்கட்டும் என்றார்.

அதன்பின் எட்டு மாதம், அவள் போகும் இடமெல்லாம் அந்தப் பையோடு நானும் போனேன். அவளுக்கு ஒரு வாய்கூட ஊட்டவில்லை. அவள் டப்பாவை அவள் சாப்பிடுவாள், நான் தள்ளி உட்கார்ந்து என் டப்பாவில் என்ன என்று பெயர் மட்டும் சொல்லுவேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மல்லாட்டைப் பொடி டப்பா பரணுக்குப் போய்விடும், வெள்ளிக்கிழமை நான் வீடு திரும்பியதும்தான் இறங்கும். அம்மா இன்றுவரை அதை மாற்றவில்லை. சமையல்கார அக்கா தினமும் கேட்டிலேயே என் டப்பாவை வாங்கித் திறந்து மோந்து பார்ப்பார். "ம், போ. இன்னிக்குப் பாஸு" என்பார். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம். எனக்கும்தான்.

அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. ஊசிகளை எடுத்துக்கொண்டு, பயிற்சிப் பேனாவை மட்டும் அவள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது ஏழு, எட்டு என்று தடுமாறாமல் சொல்லிக் காட்டினாள்.

இப்போது அந்தப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு விதிகளைச் சொல்லிப் பயிற்சி கொடுப்பது நான்தான். தாளைப் படித்து முடித்து, உதட்டோரம் ஒரு சிரிப்போடு பேனாவைத் திறப்பவர்களை எனக்கு உடனே அடையாளம் தெரியும். அவர்கள் கையெழுத்துப் போடும் முன் பேனாவை வாங்கிக்கொண்டு, "முதல்ல உங்க வீட்ல பொரியலுக்கு இன்னா இன்னா போடுவாங்கன்னு அம்மாவ கேட்டுட்டு வாங்க" என்று சொல்லுவேன். எங்கள் குடும்பத்தில் படிக்கத் தெரிந்த முதல் ஆள் என்ற பெருமை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் படித்ததை நம்பவும் கற்றுக்கொண்டது, ஒரு ஏழு வயதுக் குழந்தை என் கண்ணையே பார்த்துக்கொண்டு, குரல் இல்லாத உதட்டால் எனக்காகப் பத்து எண்ணிய அந்த மதியத்தில்தான்.